ஐந்தாவது பொத்தான்

ஒத்த ஓட்டு. அடப் பாவி, ஒரே ஒரு ஓட்டு. அம்பது ஓட்டில் ஜெயித்திருந்தால் மனுஷன் பாட்டுக்கு மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றிருப்பார். அம்பது ஓட்டில் தோற்றிருந்தால் இன்னும் நிம்மதி, நேரே கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கி, பாதியில் விட்டுவந்த மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒத்த ஓட்டில் கொண்டுவந்து நிறுத்தி வேடிக்கை பார்க்கிறதே, இது என்ன நியாயம்? கொம்பையாவின் குட்டியானை லோடு வண்டியில், டிரைவர் தலைக்கு மேலே உள்ள கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தெருவுக்கு ஆட்டிக்கொண்டு நின்றார் ஆவுடையப்பன். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர், அம்பத்திரண்டு வயது, பதினோராவது வார்டின் புதுக் கவுன்சிலர். கவுன்சிலர் ஆகி முக்கால் மணி நேரம் ஆகிறது. பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. சம்பங்கி மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சட்டைக்குள் இறங்கி முதுகு வழியாகப் போனது. மேளம் அடிக்கிற அடியில் வண்டித் தகரம் அதிர்ந்து, அந்த அதிர்வு கால் வழியாக மேலே ஏறியது. "சிரிங்க அண்ணாச்சி, போட்டா எடுக்கான்," என்று கீழேயிருந்து கத்தினான் கொம்பையா. அவன் தறிக்காரன், பழைய சினேகிதன், பதினைந்து நாளாகத் தறியை நிறுத்திப்போட்டு இவருக்காகத் தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்தினவன். அவனுக்காகவாவது சிரிக்க வேண்டும். சிரித்தார்.

அறுநூற்று நாற்பத்து மூன்று இவருக்கு. அறுநூற்று நாற்பத்திரண்டு எதிர்த்து நின்ற பேச்சித்தாய்க்கு. அதிகாரி மைக்கில் வாசித்ததிலிருந்து இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். இதில் ஒன்றை எடுத்து அங்கே போட்டால்? நாற்பத்திரண்டு இவருக்கு, நாற்பத்து மூன்று அவளுக்கு. அப்போது இந்த மேளம் பூக்காரத் தெருப் பக்கமாகத் திரும்பியிருக்கும், மாலை அவள் கழுத்தில் விழுந்திருக்கும். சரி, ஒன்றை எடுத்து எங்கேயும் போடாமல் விட்டுவிட்டால்? அப்போது சமம். சமம் என்றால் சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்பார்களாம். குலுக்கலில் வந்திருந்தால்கூட ஆண்டவன் கொடுத்தான் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். எப்படிப் போட்டாலும் கணக்கு சுற்றிச் சுற்றி அந்த ஒன்றில்தான் வந்து நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஊரே அந்த ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தது. "அந்த ஒத்த ஓட்டு எங்க மாமியா ஓட்டு அண்ணாச்சி, சேரோட தூக்கிட்டு வந்தேம்லா," என்றான் கொம்பையா. டீக்கடை வாசலில் ஒருத்தர் டம்ளரை உயர்த்தி, "நான் மெட்ராஸ்லேர்ந்து பஸ் ஏறி வந்தேன் கவுன்சிலரே, ஞாபகம் வச்சுக்கிடுங்க," என்றார். நாலு வீடு தள்ளி ஆரத்தி எடுத்த பெண்ணும் அதையேதான் சொன்னாள், குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடினாளாம், அது மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் அண்ணாச்சி என்றாள். ஆளாளுக்கு அந்த ஓட்டுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். எல்லாருக்கும் ஆமா ஆமா என்று தலையை ஆட்டினார். அந்த ஓட்டு யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் வண்டிமேல் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவுடையது. வடிவக்காவுடையது. சண்முகவடிவு என்று ஓட்டர் லிஸ்ட்டில் இருக்கிறது, வயது அறுபத்தொன்று, சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்ப் பத்து வருஷம். இவருக்கு ஒன்பது வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், இவர் வீட்டிலேயே இருக்கிறாள். இருக்கிறாள் என்றால் சும்மாவா இருக்கிறாள்? கடையில் பாதி வேலை அவளுடையது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும், ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகும். இவர் கைப்பிடியைச் சுற்றுவார், ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா எண்ணுவாள். ரோட்டில் லாரி போகும், கரண்டு போகும், யாராவது வந்து வீட்டு வரி ரசீதைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பான், இவர் அவனோடு பேசிக்கொண்டே சுற்றுவார். அக்கா உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். "நிப்பாட்டு, நூத்திப் பத்து," என்பாள். அவ்வளவுதான். ஒரு நாள்கூட அவள் எண்ணிக்கையை இவர் மறுபடி சரிபார்த்ததில்லை. தேர்தலுக்கு முந்தின நாளும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தாள், நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஏல ஆவுடை, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத," என்றாள். "நாளைக்கு நான் பேச்சிக்குத்தான் போடப்போறேன்." இவர் சிரித்தார், விளையாடுகிறாள் என்று நினைத்தார். "வெளையாட்டு இல்லடே. நீ நல்லவன், ஊரு ஒத்துக்கிடும். ஆனா உனக்குச் சண்ட போட வராது. ஒரு டீ வாங்கிக் குடுத்து நாலு நல்ல வார்த்த சொன்னா எந்திரிச்சு வந்துருவ. அவ வர மாட்டா. நம்ம தெருவுக்கு அவதான் வேணும்." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீதான் என்னையக் கூட்டிட்டுப் போவணும். சொர்ணத்துகிட்டச் சொன்னா அவ மாத்தி அமுக்கிருவா. நீ அமுக்க மாட்ட," என்றாள். சொர்ணம் இவருடைய மனைவி. நீ அமுக்க மாட்ட. இதை என்ன நிச்சயமாகச் சொன்னாள்! நூத்திப் பத்து என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

வண்டி குலுங்கித் தெற்குத் தெருவுக்குள் திரும்பியது. தறிச் சத்தம் கேட்கவில்லை, தறிக்காரர்கள் எல்லாம் வாசலில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கும்பிட வேண்டும். கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார், கும்பிட்டதும் இரண்டு ஆள்காட்டி விரலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன, இரண்டிலும் மை. இடது விரல் மை இவர் ஓட்டுக்கு வைத்தது. வலது விரல் மை, கண் தெரியாதவருக்குத் துணையாக வந்தவர் என்று வைத்தது, ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் துணை போகலாம், இன்னொருத்தரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்துவிடக் கூடாது என்று அடையாளம். மூன்று நாளாகச் சோப்புப் போட்டுப் பார்த்தார், பெட்ரோலைத் தொட்டுப் பார்த்தார், கடையில் வார்னிஷ் போக்குகிற தின்னரைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் உரிந்தது. யாருக்கும் அது கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டாலும் என்ன நினைப்பார்கள்? அக்காவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் என்று நினைப்பார்கள். நல்லதாகத்தான் நினைப்பார்கள், அதுதானே கஷ்டம். கையைப் பிரித்து மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் அக்கா பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்துத் தரச் சொன்னாள், தலைக்குப் பூ கேட்டாள், ஒரு கல்யாணத்துக்குப் போவது போலக் கிளம்பினாள். பள்ளிக்கூடம் வரைக்கும் இவர் தோளில் கை போட்டு நடந்தாள். வழியெல்லாம் பேச்சு. யார் வீட்டு முன்னால் போகிறோம், யார் நிற்கிறார்கள், கூட்டம் எப்படி, நம்ம பக்கம் ஆட்கள் இருக்கிறார்களா. நம்ம பக்கம் என்றுதான் சொன்னாள். தம்பி ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை, ஆசை வேறு, ஓட்டு வேறு என்று அவளுக்கு ஒரு கணக்கு. சாவடிக்குள் போனதும் அதிகாரி யோசித்தார், நீங்களே வேட்பாளராச்சே என்றார். பேச்சித்தாயின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பொம்பளையே எழுந்து, "அவுக அக்காதான சார், போகட்டும், அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆளு கெடையாது," என்றாள். எதிராளி ஏஜெண்டு சொல்கிறாள்! தாளை நீட்டினார்கள். வாக்காளர் சார்பில் நான் பதிவு செய்யும் வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார். ரகசியமாகத்தான் வைத்திருக்கிறார், அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அட்டை மறைப்புக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதாது. அக்காவின் தலைப் பூ இவர் தாடையில் உரசியது. இரண்டாவது பொத்தான் இவருடையது, மின்விசிறி. ஐந்தாவது பேச்சித்தாயுடையது, இஸ்திரிப்பெட்டி. "அஞ்சாவதுதான?" என்று அக்கா காதுக்குள் கேட்டாள், "ஆமா" என்றார், விரல் ஐந்தாவதுக்குத்தான் போனது. சத்தியமாக ஐந்தாவதுக்குத்தான் போனது. பொத்தானைத் தொட்டும் விட்டது, அதன் வழவழப்பு இன்றைக்கும் நுனியில் இருக்கிறது. விரலை ஏன் எடுத்தார்? அந்த இடத்தில் வந்து நினைப்பு மாட்டிக்கொள்கிறது, எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஜெயிப்பதற்கு என்று செய்யவில்லை. ஆயிரத்து முந்நூறு ஓட்டு விழுகிற வார்டில் ஒரு ஓட்டால் என்ன வந்துவிடப்போகிறது? முந்நூறு வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்றுதான் கொம்பையா சொல்லிக்கொண்டிருந்தான், இவரும் அதை நம்பினார். அப்புறம் எதற்கு? பட்டனின் பக்கத்தில் பெயரைப் பார்த்தார், ஆ.பேச்சித்தாய் என்று கறுப்பு எழுத்தில், அதற்கு மூன்று வரி மேலே தன் பெயர். சொந்த அக்கா. தன் கை. தனக்கு எதிராகத் தன் கையையே கேட்கிறாள். பொசுக்கென்று ஒரு ஆங்காரம் வந்தது. இந்த அம்பத்திரண்டு வயதில், இவளிடம் ஒரு நல்ல பெயர் வாங்க முடியவில்லையே என்ற ஆதங்கமும் கூடச் சேர்ந்தது. விரல் மேலே போனது, அமுக்கியது, பீப் என்று நீளமாகக் கத்தியது. "விழுந்துட்டா?" என்றாள் அக்கா. "விழுந்துட்டுக்கா," என்றார். "நல்லாருடே," என்று இவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டலோடு ஆங்காரம் எங்கே போனதோ தெரியவில்லை, அப்படியே இறங்கிப்போய்விட்டது. மறுபடி அமுக்கலாமா என்று இருந்தது. மெஷினில் மறுபடி என்று ஒன்று கிடையாது.

அக்கா சொன்னதில் பொய் இல்லை, அதுதான் சுட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் தெருவில் பதினெட்டு நாள் தண்ணீர் வரவில்லை. குடியிருப்போர் சார்பில் மனு எழுதி நாற்பது கையெழுத்து வாங்கி நகராட்சிக்குப் போனது இவர்தான். பொறியாளர் எழுந்து நின்று கை கொடுத்தார், நாற்காலி போடச் சொன்னார், ஏலக்காய் டீ வரவழைத்தார், உங்களை மாதிரி விவரமான ஆட்கள் ஊருக்கு வேண்டும் சார் என்றார், மேல்நிலைத் தொட்டி மோட்டாரைப் பற்றி இவரிடமே யோசனை கேட்டார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரை மணி நேரம் மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டு வந்து, பேசியாச்சு, செய்வார்கள் என்று தெருவில் சொன்னார். மறு நாள் பேச்சித்தாய், பூக்கட்டிப் பிழைக்கிறவள், காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டு நடுவில் உட்கார்ந்தாள். ஒத்தையாக. அப்புறம்தான் மற்ற பொம்பளைகள் போனார்கள். இரண்டு பக்கமும் பஸ் நின்றது, போலீஸ் வந்தது, வையாத வார்த்தை இல்லாமல் வைதாள். சாயங்காலம் தண்ணீர் வந்தது. முதல் குடத்தை இடுப்பில் வைத்து, சுவரைத் தடவிக்கொண்டே அக்காதான் கொண்டுவந்தாள், குடத்தை இறக்கும்போது இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கே அவள் மனசில் ஓட்டுப் போட்டு முடித்திருக்கிறாள், நாலு வருஷம் கழித்து எண்ணியிருக்கிறார்கள், இவர் நடுவில் புகுந்து மாற்றிவிட்டார். திருடினால்கூட இன்னாருடையதைத் திருடினேன் என்று ஒரு உருப்படி இருக்கும். இது என்ன திருட்டு? குருட்டு அக்காவின் நம்பிக்கையைத் திருடினேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல? சீ, என்ன பிறவி. "அண்ணாச்சி, கையக் காட்டுங்க, அந்தா மாடியில நிக்காக," என்றான் கொம்பையா. காட்டினார்.

அக்காவுக்குத் தெரிந்திருக்குமோ? சனிக்கிழமையிலிருந்து அவள் பேச்சே இல்லை. கேட்டதற்கு ம் என்பாள், அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து நிலைவாசல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நேற்றைக்கு ராகு காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. கண் போனவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள், சட்டை உரசுகிற சத்தத்தை வைத்தே கை எவ்வளவு தூரம் போனது என்று சொல்லிவிடுவாள், கம்பிச் சுற்றை எண்ணுகிறவள் ஐந்தை எண்ண மாட்டாளா? தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாள். தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். தெரிந்திருந்தால் நல்லது என்றுகூட ஒரு நேரம் தோன்றும், பாதிச் சுமை இறங்கிவிடும். அடுத்த நேரமே தெரிந்திருக்கவே கூடாது என்று தோன்றும். மூன்று ராத்திரி கட்டிலில் மல்லாந்து கிடந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தன் சின்னமே தன் தலைக்கு மேலே சுற்றுகிறது, நல்ல கூத்து. சொர்ணம், ரிசல்ட்டை நெனச்சுப் பயப்படுதியளோ என்றாள், ஆமா என்றார். பேச்சித்தாயாவது பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துத் தொலைக்கட்டும் என்று சாமியைக் கும்பிட்ட வேட்பாளர் இந்த ஜில்லாவில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

பேச்சித்தாயை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. எண்ணுகிற இடத்தில் அவள் மறுபடி எண்ணச் சொன்னாள். எண்ணினார்கள், மெஷின் அதே நம்பரைத்தான் காட்டியது. அவள் யாரையும் வையவில்லை. ரோட்டை மறித்தவள் அங்கே குரலை உயர்த்தவே இல்லை. இவர் பக்கத்தில் வந்து, "மெஷினுக்கு ஆளு தெரியாதுல்லா அண்ணாச்சி, அது உள்ளதத்தான் சொல்லும்," என்றாள். பிறகு கையை விரித்து, "ஒத்த ஓட்டு. என் மருமவ காய்ச்சல்னு படுத்துக்கிட்டா. கூப்பிட்டேன், எந்திரிக்க முடியல அத்தன்னா. அவ வந்திருந்தா சமமால்லா ஆயிருக்கும்," என்றாள். இவர் வாயைத் திறந்தார். அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதே தாயி என்று சொல்ல வந்தார். எந்த முகத்தோடு சொல்வது? அதற்குள் கொம்பையா மாலையைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்த மருமகள் பெயர்கூட இவருக்குத் தெரியாது. ஒல்லியாக, இடுப்பில் பிள்ளையோடு, குழாயடியில் பார்த்த ஞாபகம். இனி அவள் அந்த வீட்டில் காலம் முழுக்க அந்த ஓட்டுக்காகப் பேச்சுக் கேட்பாள். சாம்பாரில் உப்புக் கூடினால்கூட அந்தக் காய்ச்சலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இவர் அமுக்கினதற்கு அவள் கேட்பாள். இது எங்கே போய் முடியும்?

பூக்காரத் தெரு முனையில் வண்டி நின்றது. உள்ளே நாலாவது வீடு பேச்சித்தாயுடையது. கொம்பையா ஆயிரம்வாலாவைச் சுருள் பிரித்து ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தான். "அவ வாசல்ல வச்சுக் கொளுத்துவோம் அண்ணாச்சி. என்ன பேச்சுப் பேசுனா, டீக்குடிக் கவுன்சிலர்னுல்லா பேசுனா." ஆவுடையப்பனுக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ, "வேண்டாம்னு சொல்லுதேன்லா! எடுலே அத!" என்று கத்திவிட்டார். மேளம் நின்றுபோனது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "தோத்தவ வீட்டு முன்னால வெடி போடப்பிடாது. வண்டிய எடு." கூட்டத்தில் ஒரு கிழவர், "மனுசன்னா இவர்தாம்யா மனுசன்," என்றார். கொம்பையாவுக்கே கண் கலங்கிவிட்டது, வெடியைச் சுருட்டிக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும் அண்ணாச்சி," என்றான். அட கடவுளே. ஒரு நல்ல காரியம் செய்ய வழியில்லையே, செய்தால் அதையும் கொண்டுவந்து இவர் கணக்கிலேயே சேர்க்கிறார்களே. பயத்தில் செய்ததை எல்லாம் பெருந்தன்மை என்கிறார்கள். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் கத்தினார், வேறு ஒரு மண்ணும் இல்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். வண்டி நகர்ந்ததும் அந்த எண்ணம் வந்தது, வந்ததும் முதுகு நிமிர்ந்தது. யாரிடம் சொல்வது? அதிகாரியிடமா? சார், நான் மாத்தி அமுக்கிட்டேன் என்றால் அவர் என்ன செய்வார், மெஷினைச் சீல் வைத்தாகிவிட்டது, போங்க சார் வெயில்ல தலை சுத்துது உங்களுக்கு என்பார். அல்லது கேஸ் எழுதுவார், பேப்பரில் வரும், சொர்ணம் தெருவில் தலை காட்ட முடியாது, கொம்பையா தறியை நிறுத்தினது வீண். பதவி போகும். போகட்டும். போனால் போகட்டும் என்று சொல்லும்போதே உள்ளே ஒரு ஓரத்தில், முனிசிபல் கூட்டத்தில் தன் நாற்காலி எங்கே இருக்கும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்க்கிறதே, இந்த மனசைச் செருப்பால் அடிக்க வேண்டாமா? இல்லை, முதலில் அக்காவிடம் சொல்ல வேண்டும். அவளுடைய ஓட்டு, அவள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ராஜினாமா செய் என்றால் செய்துவிடுவது. பேச்சி காலில் விழு என்றால் விழுந்துவிடுவது. மூஞ்சியில் முழிக்காதே என்றால்? அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. என்ன சொல்வாளோ சொல்லட்டும். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, அக்கா, நான் ரெண்டாவத அமுக்கிட்டேன் என்று நாலே வார்த்தை. எத்தனை மூச்சு பிடிக்கும்? அக்கா, நான் ரெண்டாவத அமுக்கிட்டேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். மேளச் சத்தத்தில் சொல்லச் சொல்லச் சுலபமாக வந்தது. பக்கத்து வீட்டு மருதாணிச் செடி தெரிந்தது. தன் வீடு தெரிந்தது. வாசலில் தெருவே நின்றது, நடுவில் நீலச் சேலையில் அக்கா.

இறங்கியதும் சொர்ணம் ஆரத்தி சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள், அழுதாள். மேளம் நின்றது. ஆவுடையப்பன் நேராக அக்காவிடம் போய் அவள் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"அக்கா, உள்ள வா. உங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

"இருடே. எத்தன ஓட்டுல ஜெயிச்ச? ஆளாளுக்கு ஒண்ணு ஒண்ணுங்காவ. நெசமா?"

"நெசந்தான்க்கா. ஒண்ணுதான். நீ உள்ள வா."

அக்கா அசையவில்லை. அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது. இதோ வந்துவிட்டாள், கண்டுபிடித்துவிட்டாள், தெரு பார்க்கக் கன்னத்தில் அறையப்போகிறாள், அறையட்டும், அதுவும் நல்லதுக்குத்தான் என்று கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கை மேலே வந்தது. இவர் முகத்தைத் தடவி, கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

"தப்பிச்சேண்டே! மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. என் ஒத்த ஓட்டுல நீ தோத்துப்போயிட்டா நான் எப்படி உன் மூஞ்சில முழிப்பேன், உன் கையாலயே உன்னைய கவுத்துட்டேனேன்னு செத்துக்கிட்டு கெடந்தேன். நான் எதுத்துப் போட்டும் ஜெயிச்சுட்டியேடே! என் சாமி!"

ஒன்றும் புரியாமல் கூட்டம் பார்த்தது. "என்ன மயினி சொல்லுதிய? யாருக்குப் போட்டிய?" என்றாள் சொர்ணம், ஆரத்தித் தட்டைப் பிடித்தபடி.

"அக்கா, வேண்டாம். அத வெளிய சொல்லப்பிடாது."

"நீதான் கையெழுத்துப் போட்டுருக்க. நீ சொல்லாத. நான் என்னத்துக்குச் சொல்லாம இருக்கணும்?" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று ஆவுடையப்பனுக்கே தெரியாது. "எல்லாரும் கேளுங்க. நான் என் தம்பிக்குப் போடல. பேச்சிக்குத்தான் போட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது, அமுக்குனது யாரு? இவன். இவன்கிட்டயே சொல்லி இவன் கையாலயே பேச்சிக்கு அமுக்க வச்சேன். ஒரு சொல்லு மறுத்துச் சொல்லல. மாத்தி அமுக்குனா எனக்குத் தெரியவா போகுது? அமுக்கல. இப்படி ஒருத்தன இந்த ஊருல வேற எங்கயாவது காட்டுங்க பாப்போம்!"

 யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். கொம்பையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் வைத்துக்கொண்டு விசும்பினான். சொர்ணம்கூட, "இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்று கோபமும் பெருமையுமாக இவரையே பார்த்தாள். வண்டிக்காரன் செல்போனில் அதற்குள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சித்தாய் வீட்டுக்கும் ஒரு பெண் ஓடினாள். ஓடினவள் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "அண்ணாச்சி, பேச்சியக்காகிட்டச் சொல்லிட்டேன். கேஸ் போடணும்னு வக்கீலுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்துச்சு, இதக் கேட்டதும் போன வச்சுட்டு. இப்படியாப்பட்ட மனுசங்கிட்டத் தோத்தது எனக்கு மரியாததான்னு சொல்லச் சொல்லிச்சு," என்றாள். ஆவுடையப்பன் மாலையைக் கழற்றப் பார்த்தார், கழுத்துப் பக்கம் எங்கேயோ நூல் சிக்கிக்கொண்டு வரவில்லை. நாலு வார்த்தை, வண்டியில் சொல்லிப் பார்த்த அதே நாலு வார்த்தை, அதில் முதல் வார்த்தையைத் தவிர மற்றது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கூட்டம் கலைய அரை மணி நேரமாயிற்று. உள்ளே வந்ததும் அக்கா இவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "என்னமோ விசயம் சொல்லணும்னியே? என்னடே?"

நிலைவாசலில் யாரும் இல்லை. சொர்ணம் அடுப்படியில் இருந்தாள். கதவைச் சாத்தக்கூட வேண்டாம், மெதுவாகச் சொன்னாலே போதும். அக்கா முகத்தைச் சற்றே சாய்த்து, சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக நின்றாள். மூன்று நாளைக்கப்புறம் அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அக்கா," என்றார்.

"சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. பசிக்குது."

"இதுக்கா இம்புட்டு பீடிக?" என்று அவர் தலையில் குட்டினாள். "எனக்குந்தான் பசி கொல்லுது. ஏ சொர்ணம், ரெண்டு பேருக்கும் எலையப் போடு." தரையில் உட்கார்ந்து, இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அக்கா சாப்பிட ஆரம்பித்தாள். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டாள், கடைசியில் மோருக்கும் சோறு வைக்கச் சொன்னாள். ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கும்போதெல்லாம் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டு, தன் இலையிலிருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்தார்.